பழைய முகவரி, புதிய பக்கம்: வழங்கியின் வழிமாற்று விதிகள்

இணைய முகவரியில் டொமைன் பெயருக்குப் பின்னால் வரும் பாதை, வழங்கியின் வட்டில் ஒரு கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் அது ஏறக்குறைய உண்மையாகவும் இருந்தது. முகவரியில் இருந்த கோப்புறைப் பெயர்கள் வட்டிலும் அப்படியே இருந்தன. வழங்கி கோப்பை எடுத்துக் கொடுத்தது, அவ்வளவுதான். பக்கங்களைத் தரவுத்தளத்திலிருந்து அவ்வப்போது தொகுத்துத் தரும் நிரல்கள் வந்த பிறகு அந்த ஒற்றுமை போய்விட்டது. இன்று உலாவி அனுப்புவது வெறும் கோரிக்கை. அதற்கு எந்தக் கோப்பைக் கொடுப்பது, எந்த நிரலை ஓட்டுவது, அல்லது வேறு முகவரிக்குப் போகச் சொல்வதா என்பதையெல்லாம் வழங்கிதான் முடிவு செய்கிறது. அந்த முடிவை எடுக்கும் விதத்தை, அதன் அமைப்புக் கோப்பில் எழுதிவைத்த சில வரிகள் சொல்கின்றன.

தளம் இடம் மாறும்போதுதான் இந்த வரிகளின் அருமை தெரியும். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ 1998-இல் எழுதிய சிறு கட்டுரை ஒன்றில், முகவரிகள் தாமாக மாறுவதில்லை, மனிதர்கள்தான் அவற்றை மாற்றுகிறார்கள் என்று குறைபட்டுக்கொண்டார். அந்தக் குறை வீண்போகவில்லை என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப் பின் திறக்கவில்லை. அந்நாட்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் மேற்கோளாகத் தரப்பட்ட இணைய முகவரிகளில் பாதி, முதலில் சுட்டிய செய்தியைக் காட்டவில்லை என்று ஹார்வர்டு சட்டப் பள்ளி ஆய்வாளர்கள் அதற்கு முன்பே கண்டிருந்தார்கள். பக்கம் அழிக்கப்பட்டிருந்தாலும் சரி, வேறு முகவரியில் பத்திரமாக இருந்தாலும் சரி, பழைய இணைப்பைச் சொடுக்கும் வாசகருக்குக் கிடைப்பது அதே 404 பிழைதான். இரண்டாவது வகை இழப்பைத் தடுக்க ஒரு வரி போதும்.

அமைப்புக் கோப்பின் விதிகள் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பெரும்பாலான தவறுகளின் தொடக்கம். ஒன்று வழிமாற்று, இன்னொன்று மாற்றியெழுதல். தாலுகா அலுவலகத்தில் மனுவோடு போய் நிற்பவரிடம் "இங்க இல்லீங்க, ஏழாம் நம்பர் ஜன்னலுக்குப் போங்க" என்று சொன்னால் அது வழிமாற்று. மனுவை வாங்கிக்கொண்டு, உள்ளே எந்த மேசைக்கு அனுப்பினார்கள் என்றே சொல்லாமல் வேலையை முடித்துக் கொடுத்தால் அது மாற்றியெழுதல். முதலாவதில் உலாவி புதிய முகவரிக்கு மறுபடியும் ஒரு கோரிக்கை அனுப்ப வேண்டும். முகவரிப் பட்டையும் மாறும். இரண்டாவதில் உலாவிக்கு எதுவும் தெரியாது. முகவரிப் பட்டையில் இருந்தது அப்படியே இருக்க, வழங்கிக்குள் மட்டும் பாதை மாறுகிறது.

வழிமாற்று என்பது எச்டிடிபி நெறிமுறையில் மூன்றில் தொடங்கும் மூன்றிலக்க எண்ணும், புதிய முகவரியைத் தாங்கிய 'லொக்கேஷன்' என்ற தலைப்பு வரியும் சேர்ந்த பதில். 1996-இல் வெளியான எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே 301, 302 என்ற இரு எண்களும் உண்டு. 301 நிரந்தர மாற்றம், 302 தற்காலிகம். அந்த ஆவணத்தின் எதிர்பார்ப்பு ஒன்று, உலாவிகள் செய்தது இன்னொன்று. ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பும்போது 'போஸ்ட்' முறையில் போகும் கோரிக்கை 302 பதிலைச் சந்தித்தால், அதே முறையில் புதிய முகவரிக்கும் போக வேண்டும் என்பது விதி. உலாவிகளோ அதைச் சாதாரண 'கெட்' கோரிக்கையாக மாற்றி அனுப்பின. நிரப்பிய விவரங்கள் வழியிலேயே கழன்றுபோயின. இத்தனை உலாவிகளையும் திருத்துவதைவிட எண்களைக் கூட்டுவது எளிது என்று தரநிலைக் குழு முடிவு செய்தது போலும். 'கெட்' ஆக மாற்றியே தீர வேண்டும் என்பதற்கு 303 வந்தது. மாற்றவே கூடாது என்பதற்கு 1999-இல் 307 வந்தது. நிரந்தர மாற்றத்துக்கும் அதே கண்டிப்பு வேண்டும் என்று 308 சேர 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கட்டுரைப் பக்கங்கள் மட்டுமே உள்ள தளத்துக்கு 301, 302 இரண்டும் போதும். படிவம், கட்டணம், செயலிகள் பேசும் ஏபிஐ ஆகியவை உள்ள இடத்தில் 307, 308 ஆகியவற்றைப் பயன்படுத்தாவிட்டால் தொல்லைதான்.

301-க்கு ஞாபக சக்தி அதிகம். நிரந்தரம் என்று வழங்கி சொன்னதை உலாவி நம்பி, தன் கேச்சில் சேமித்துக்கொள்கிறது. அடுத்த முறை அந்தப் பழைய முகவரியைத் தட்டினால் வழங்கியைக் கேட்காமலேயே புதிய இடத்துக்குப் போய்விடும். தேடுபொறிகளும் பழைய முகவரியின் மதிப்பைப் புதியதற்கு மாற்றிவிடுகின்றன. சரியான விதிக்கு இது வரம். தவறான விதிக்கோ, வழங்கியில் திருத்திய பின்னும் வாசகரின் கணினியில் பழைய தவறு உட்கார்ந்திருக்கும்; அதை அங்கே போய் அழிக்கத் தளத்தை நடத்துபவரால் முடியாது. அதனால்தான் அனுபவசாலிகள் புதிய விதியை முதலில் 302 ஆகவே போட்டு, ஓடவிட்டுப் பார்த்து, பிறகு 301 ஆக்குகிறார்கள். அப்பாச்சி வழங்கியில் எண் குறிப்பிடாத வழிமாற்று 302 ஆகவே எடுத்துக்கொள்ளப்படுவது இந்த விஷயத்தில் ஒரு நல்ல இயல்புநிலை.

அப்பாச்சியில் இந்த வேலைக்குப் பேர்போன கருவி 'மாட்-ரீரைட்'. ஜெர்மானிய நிரலாளர் ரால்ஃப் எங்கல்ஷால் 1996 ஏப்ரலில் இதை எழுதி, 1997 ஜூலையில் அப்பாச்சி குழுவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். முகவரியை ஒரு வடிவத்தோடு ஒப்பிட்டு, பொருந்தினால் வேறொன்றாக மாற்றுவதே இதன் வேலை. வடிவத்தைச் சொல்லும் மொழி ரெகுலர் எக்ஸ்பிரஷன். நிரலாளர் வழக்கில் ரெஜெக்ஸ். ஒரு செய்தித் தளத்தின் கோப்பில் இருக்கக்கூடிய விதி இது. உண்மையான கோப்பில் இதன் சொற்கள் எல்லாம் ரோமன் எழுத்தில் இருக்கும்.

ரீரைட்ரூல் ^நியூஸ்/([0-9]+)$ நியூஸ்.பிஎச்பி?ஐடி=$1 [எல்]

^ என்பது பாதையின் தொடக்கம், $ அதன் முடிவு. இந்த இரண்டும் இல்லாவிட்டால் 'பழைய-நியூஸ்/12/படம்' போன்ற சம்பந்தமில்லாத பாதைகளும் விதியில் மாட்டிக்கொள்ளும். [0-9]+ என்றால் ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட இலக்கங்கள். அதைச் சுற்றியுள்ள அடைப்புக்குறி, பொருந்திய இலக்கங்களைக் கையில் பிடித்துவைத்துக்கொள்ளச் சொல்கிறது. வலப்பக்கத்தில் $1 அந்தப் பிடித்ததை வைக்கும் இடம். வாசகர் '/நியூஸ்/1024' என்று கேட்டால், 1024 என்ற எண்ணோடு நியூஸ்.பிஎச்பி நிரல் ஓடுகிறது. கடைசியில் உள்ள 'எல்' கொடி, இந்தச் சுற்றில் இதுவே கடைசி விதி என்கிறது. எண்ணோடு கூடிய 'ஆர்' கொடி இதில் இல்லாததால் இது மாற்றியெழுதல்; கொடிப் பகுதியில் 'ஆர்=301' என்று சேர்த்தால் அதே வரி வழிமாற்று ஆகிவிடும். உள்ளே நடப்பதும் வெளியே அனுப்புவதும் ஒரே கட்டளையில், ஒரு கொடி வித்தியாசத்தில் இருப்பது மாட்-ரீரைட்டின் வசதி. அதன் மீது வரும் புகார்களில் பாதிக்கும் அதுவே காரணம்.

இப்போது அதே தளத்தில் ஒரு நியாயமான ஆசை எழுகிறது. பல ஆண்டுகளாக வெளியே பரவியிருக்கும் 'நியூஸ்.பிஎச்பி?ஐடி=1024' என்ற பழைய முகவரிக்கு வருபவர்களைப் புதிய '/நியூஸ்/1024' முகவரிக்கு 301 மூலம் அனுப்ப வேண்டும். இங்கே முதல் தடங்கல், ரீரைட்ரூலின் வடிவம் பாதையை மட்டுமே பார்க்கும் என்பது. கேள்விக்குறிக்குப் பின்னால் வருவது அதன் கண்ணில் படாது. கேள்விப் பகுதியைச் சோதிக்க 'ரீரைட்காண்ட்' என்ற நிபந்தனை வரியை விதிக்கு முன்னால் எழுத வேண்டும். அதில் பிடித்த எண்ணை $1 என்று அல்லாமல் %1 என்று எடுக்க வேண்டும். புதிய முகவரியின் முடிவில் வெறும் கேள்விக்குறி ஒன்றையும் போட வேண்டும். இல்லாவிட்டால் பழைய கேள்விப் பகுதியே திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும்.

இவ்வளவும் சரியாகச் செய்து சேமித்தவுடன், கோப்புறை அளவில் எழுதப்பட்ட விதிகளாக இருந்தால், உலாவி 'அளவுக்கு மீறிய வழிமாற்றுகள்' என்று கைவிரிக்கும். காரணம் எளிது, ஆனால் சட்டென்று தெரியாது. புதிய முகவரி வந்ததும் முதல் விதி அதை உள்ளுக்குள் நியூஸ்.பிஎச்பி ஆக மாற்றுகிறது. கோப்புறை விதிகளில் பாதை ஒருமுறை மாறினால் அப்பாச்சி எல்லா விதிகளையும் மறுபடி தொடக்கத்திலிருந்து ஓட்டும்; 'எல்' கொடி அந்தச் சுற்றை மட்டுமே நிறுத்துகிறது, அடுத்த சுற்றை அல்ல. இரண்டாம் சுற்றில் வழிமாற்று விதி 'நியூஸ்.பிஎச்பி' என்ற பாதையைப் பார்த்து, பழைய முகவரிக்காரர் வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு மறுபடி புதிய முகவரிக்கு அனுப்புகிறது. உலாவி புதிய முகவரியைக் கேட்க, கதை முதலிலிருந்து. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் 20 முறை சுற்றியபின் நிறுத்திக்கொள்கின்றன. அப்பாச்சி 2.4-இல் இதற்கென்றே 'எண்ட்' என்ற கொடி வந்தது. அது அடுத்த சுற்றையும் சேர்த்துத் தடுக்கிறது. பழைய பதிப்புகளில், உலாவி முதன்முதலில் அனுப்பிய கோரிக்கை வரியைச் சோதிக்கும் நிபந்தனை அதே பலனைத் தரும். வழங்கி உள்ளுக்குள் என்ன மாற்றினாலும் அந்த வரி மாறுவதில்லை.

கோப்புறை அளவிலான விதிகள் '.எச்டிஆக்சஸ்' என்ற கோப்பில் எழுதப்படுகின்றன. பகிர்ந்த ஹோஸ்டிங்கில் தளம் வைத்திருப்பவருக்கு முதன்மை அமைப்புக் கோப்பைத் தொட உரிமை இருக்காது என்பதால் இதுதான் கதி. இதற்கு விலையும் உண்டு. ஒவ்வொரு கோரிக்கைக்கும் அப்பாச்சி, பாதையில் உள்ள ஒவ்வொரு கோப்புறையிலும் இந்தக் கோப்பு இருக்கிறதா என்று தேடிப் படிக்கிறது. முதன்மைக் கோப்போ வழங்கி தொடங்கும்போது ஒரே முறை படிக்கப்படுகிறது. அப்பாச்சியின் சொந்த ஆவணமே, முதன்மைக் கோப்பைத் திறக்க முடிகிறவர்கள் எச்டிஆக்சஸைத் தவிர்க்கச் சொல்கிறது. 2.4 பதிப்பில் இந்தக் கோப்புகள் இயல்பாகவே முடக்கப்பட்டிருக்கின்றன. இன்னொரு நுணுக்கம்: எச்டிஆக்சஸில் வடிவம் ஒப்பிடும் பாதை முன்சாய்கோடு இல்லாமல் வரும், முதன்மைக் கோப்பில் சாய்கோட்டோடு வரும். ஓரிடத்தில் வேலை செய்த விதியை நகலெடுத்து இன்னோரிடத்தில் ஒட்டினால் சத்தமில்லாமல் பொருந்தாமல் போவது இதனால்தான்.

எளிய வேலைக்கு ரெஜெக்ஸ் தேவையே இல்லை. ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்துக்கு அனுப்ப அப்பாச்சியில் 'ரீடைரக்ட்' என்ற தனிக் கட்டளை உண்டு: எண், பழைய பாதை, புதிய முகவரி, முடிந்தது. மாட்-ரீரைட்டை எப்போது பயன்படுத்தக் கூடாது என்று அப்பாச்சி ஒரு தனி ஆவணப் பக்கமே வைத்திருக்கிறது. அதைப் படித்தவர்கள் குறைவு என்று இணையத்தில் நகலெடுக்கப்படும் விதிகளைப் பார்த்தால் தெரியும். ரஷ்ய நிரலாளர் இகோர் சிசோயெவ் 2004-இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் வழங்கி, இந்த இடத்தில் கறாரானது. அதில் எச்டிஆக்சஸ் கிடையாது. எல்லாம் முதன்மைக் கோப்பில்தான். பழைய முகவரிக்கு 'ரிட்டர்ன் 301' என்று ஒரு வரி. கோப்பு இருந்தால் கோப்பு, இல்லாவிட்டால் நிரல் என்பதற்கு 'டிரை-ஃபைல்ஸ்' என்று ஒரு வரி. வேர்ட்பிரஸ் தளங்களின் அழகான முகவரிகள் எல்லாம் இந்தக் கடைசி உத்தியில்தான் நடக்கின்றன. அப்பாச்சியில் வேர்ட்பிரஸ் எழுதிவைக்கும் விதியும் அதையே இரண்டு நிபந்தனைகளில் சொல்கிறது: கேட்டது உண்மையான கோப்பு இல்லையென்றால், உண்மையான கோப்புறையும் இல்லையென்றால், கோரிக்கையை இண்டெக்ஸ்.பிஎச்பியிடம் கொடு.

இன்று மிக அதிகமாக எழுதப்படும் வழிமாற்று, எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்-க்கு. 2018 ஜூலையில் குரோம் 68, எச்டிடிபி தளங்களுக்கெல்லாம் 'பாதுகாப்பற்றது' என்ற முத்திரை குத்தத் தொடங்கிய பிறகு இது இல்லாத தளம் அரிதாகிவிட்டது. இணைப்பு மறைகுறியாக்கப்படவில்லையென்றால் எச்டிடிபிஎஸ்-க்கு அனுப்பு என்பதே விதி. தளத்துக்கு முன்னால் ஒரு பதிலி வழங்கி அல்லது சிடிஎன் என்ற உள்ளடக்க விநியோக வலையமைப்பு நின்றால் இதே விதி முடிவில்லாச் சுழலாகிவிடலாம். வாசகருக்கும் பதிலிக்கும் இடையே மறைகுறியாக்கம் உண்டு. பதிலிக்கும் மூல வழங்கிக்கும் இடையே இல்லை. மூல வழங்கியின் கண்ணுக்கு வருவதெல்லாம் எச்டிடிபி. அது திருப்பி அனுப்ப, வாசகர் எச்டிடிபிஎஸ்ஸில் வர, பதிலி அதை மறுபடி எச்டிடிபியாக்கிக் கொடுக்க, சுழல் நிற்காது. மூல வழங்கி வரையிலும் மறைகுறியாக்கத்தை நீட்டுவதே சரியான தீர்வு. பதிலி சேர்த்து அனுப்பும் தலைப்பு வரியைச் சோதிப்பது அடுத்த தரம்.

தமிழ்ப் பக்கங்களின் முகவரிகளுக்கு என்றே சில சிக்கல்கள் உண்டு. எச்டிடிபி கோரிக்கையின் முகவரியில் ஆஸ்கி எழுத்துகள் மட்டுமே போக முடியும். அதனால் பாதையில் உள்ள தமிழ் எழுத்துகள் விழுக்காட்டுக் குறியும் இரண்டு பதினறும இலக்கங்களுமாக மாற்றி அனுப்பப்படுகின்றன. 'தமிழ்' என்ற சொல் யூனிகோடில் ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யுடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள், ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்துக்குறிகள். ஆக மூன்றெழுத்துச் சொல் 45 எழுத்துக்குறிகளாக நீள்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரை முகவரியை நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டியவர்கள் அந்த வாலைப் பார்த்திருப்பார்கள்.

அப்பாச்சி, பாதையைப் பழையபடி தமிழாக்கிய பிறகே வடிவத்தோடு ஒப்பிடுகிறது. ஆகவே விதியின் இடப்பக்கத்தில் தமிழையே எழுதலாம். கேள்விப் பகுதியை அது அப்படி மாற்றுவதில்லை; அங்கே விழுக்காட்டுக் குறிகளோடுதான் ஒப்பிட வேண்டும். வலப்பக்கத்தில், வழிமாற்றும் முகவரியை ஏற்கெனவே விழுக்காட்டுக் குறிகளில் எழுதிவைத்தால், அப்பாச்சி அந்த % குறியையும் ஒரு சிறப்புக் குறியாக எண்ணி %25 என்று ஆக்கிவிடும். வாசகர் போய்ச் சேர்வது இல்லாத பக்கத்துக்கு. 'என்இ' என்ற கொடி அதைத் தடுக்கும். கண்ணுக்கே தெரியாத சிக்கல் இன்னொன்று இருக்கிறது. 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பும் காலும் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, பைட்டுகளில் வேறு வேறு. ஒன்றுக்கு எழுதிய விதி மற்றொன்றுக்குப் பொருந்தாது. தமிழ்ப் பாதைகளை அப்படியே விதியில் எழுதுவதைவிட, முகவரியில் ஓர் எண்ணைச் சேர்த்து அந்த எண்ணைப் பிடிப்பது பாதுகாப்பானது.

பெரிய தளம் ஒன்று அமைப்பை மாற்றும்போது ஆயிரக்கணக்கான பழைய முகவரிகளுக்கு வரி வரியாக விதி எழுதுவது வழங்கிக்குச் சுமை. 'ரீரைட்மேப்' என்ற கட்டளை, பழையது புதியது என்ற பட்டியலைத் தனிக் கோப்பில் வைத்துக்கொண்டு அதில் தேட வழி செய்கிறது. அந்தப் பட்டியலைத் தயாரிக்கப் பொறுமையில்லாதவர்கள் எல்லாப் பழைய முகவரிகளையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள். அது வாசகரை ஏமாற்றும் வேலை. கூகுளும் அத்தகைய வழிமாற்றைப் பெரும்பாலும் 404-க்குச் சமமாகவே எடுத்துக்கொள்கிறது. ஈடான பக்கம் இல்லையென்றால் 'இனி இல்லை' என்று சொல்லும் 410 நேர்மையான பதில். வழிமாற்றுகளைச் சங்கிலியாக வளரவிடுவதும் நல்லதல்ல. எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ், அங்கிருந்து மூன்று டபிள்யூ சேர்த்தது, அங்கிருந்து புதிய பாதை என்று மூன்று தாவல் தாவும் முகவரியை ஒரே தாவலாக எழுத முடியும். ஒவ்வொரு தாவலும் கைபேசியில் காத்திருக்கும் வாசகரின் நேரம். கூகுளின் தேடல் நிரல் பத்துத் தாவல்களுக்கு மேல் பின்தொடர்வதில்லை.

விதிகள் பாதுகாப்பு ஓட்டைகளாகவும் ஆகலாம். போக வேண்டிய முகவரியைக் கேள்விப் பகுதியிலிருந்தே எடுத்து வழிமாற்றும் விதி, மோசடிக்காரர்களுக்குக் கிடைத்த பரிசு. நம்பிக்கையான டொமைனில் தொடங்கும் இணைப்பு போலித் தளத்தில் போய் முடியும். மாற்றியெழுதல் அதைவிட ஆழமான ஆபத்தைக் கொண்டிருந்தது. தைவான் ஆய்வாளர் ஆரஞ்ச் சாய் காட்டிய வழியில், குறியாக்கப்பட்ட கேள்விக்குறி ஒன்றைப் பாதையில் நுழைத்தால், சில விதிகள் வழங்கி வெளிக்காட்ட நினைக்காத கோப்புகளைத் திறந்துவிட்டன. 2024 ஜூலையில் வெளியான அப்பாச்சி 2.4.60 இதை அடைத்தது. அதனால் சில பழைய விதிகள் இயங்காமலும் போயின.

எழுதிய விதியை உலாவியில் சோதிப்பது நம்பகமானதல்ல, முன்சொன்ன கேச்தான் காரணம். 'கர்ல்' என்ற கட்டளைவரிக் கருவியில் தலைப்பு வரிகளை மட்டும் கேட்டால், எந்த எண் வருகிறது, லொக்கேஷன் எங்கே சுட்டுகிறது என்பது அப்படியே தெரியும். ஒருமுறை சரியாக இயங்கிய வழிமாற்றைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். புத்தகங்களிலும் பழைய மின்னஞ்சல்களிலும் உள்ள இணைப்புகளுக்கு ஓராண்டு போதாது. எடுக்க வேண்டிய அவசியம் இல்லாதவரை விட்டுவைப்பதே முறை. டொமைனே மாறியிருந்தால் பழைய டொமைனுக்கும் ஆண்டுதோறும் கட்டணம் கட்டிவர வேண்டும். அது காலாவதியானால் விதியும் நின்றுபோகும்; வேறு யாராவது அந்தப் பெயரைப் பதிவு செய்துகொண்டால் பழைய இணைப்புகள் அத்தனையும் அவர் காட்டும் பக்கத்துக்கே போகும்.